தளபதி தணலின் ஐந்தாவது பெயர்

வக்கீல் நோட்டீஸ் மறுபடியும் வந்துவிட்டது. இர்மா உறையைப் பிரித்தாள்.

"எங்கள் கட்சிக்காரருக்குச் சொந்தமான பெயர் இது! உடனே நிறுத்துங்கள்! தவறினால் கோர்ட்டில் சந்திப்போம்!" என்று படித்துக்காட்டினாள். "வரிக்கு வரி ஆச்சரியக்குறி. அப்படி என்னதான் கோபமோ இந்த மனுஷனுக்கு."

நியூயார்க்கில் அந்தச் சின்ன காமிக்ஸ் அலுவலகத்துக்கே சோறு போட்டவன் இர்மா எழுதிய பறக்கும் வீரன்தான். அவன் இல்லையென்றால் அவள் பழையபடி பின்னல் பத்திரிகைக்கு ஸ்வெட்டர் குறிப்பு எழுதப் போக வேண்டியதுதான்.

தளபதி தணல் என்று பிறந்தவன், ஒரே வருடத்தில் மேஜர் எரிமலை, தீக்கொழுந்தன், அனல்வேந்தன் என்றாகி, இப்போது 'கர்னல் கங்கு' என்ற பெயரில் நின்றான். ஒவ்வொரு பெயருக்கும் தவறாமல் ஒரு நோட்டீஸ் வந்தது.

"ஒரு வரி பதில் போட்டுப் பாக்கலாமே, முதலாளி?"

"வேணாம்மா தாயே. வக்கீலோட வம்பு நமக்கெதுக்கு?" பதிப்பாளர் கிராஸ்மன் ஏற்கெனவே ஒரு வழக்கில் கையைச் சுட்டுக்கொண்டவர். சூடு கண்ட பூனை.

காமிக்ஸ் கட்டங்களுக்குள் வசனங்களைக் கையால் எழுதித் தரும் வில்பர் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தான். "கவலைய விடுங்க முதலாளி. அறுபத்துநாலு பக்கத்துலயும் பழைய பேர வெள்ளையடிச்சுட்டு, புதுசா எழுதிடறேன். பக்கத்துக்கு வழக்கமான கூலிதான்."

"நீ இல்லேன்னா நாங்க நடுத்தெருவுலதான், வில்பர்." இர்மா மனம் நெகிழ்ந்துபோனாள்.

கிராஸ்மன் காபியைத் தள்ளி வைத்தார். "இல்ல, போதும். இனிமே பேர் மாத்துறதா இல்ல. அடுத்த இதழ்ல அவனைக் கொன்னுடு, இர்மா. பத்திரிகைய மூடிடலாம்."

இர்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்ற பிள்ளையைக் கொல்லச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்?

"வேற வழியே இல்லையா, முதலாளி?"

"என்ன பேர் வெச்சாலும் அந்தாளு விடமாட்டேங்கறானே. கடைசிக் கதைய எழுது, போ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தாள். 'கர்னல் கங்கின் மரணம்' என்று தலைப்பு எழுத ஆரம்பித்தாள்.

மூலையில் மைப்புட்டி விழுந்து உடைந்தது. முகம் வெளிறிப்போன வில்பர் ஓடிவந்து அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டான்.

"கொன்னுடாதீங்கம்மா, சத்தியமா இனிமே நோட்டீஸ் வராது!"