இன்னொரு வேளைத் தீனி

அயிரை மீன்கள் எல்லாம் கண்ணாடித் தொட்டியின் இடது மூலையில் சாய்ந்து கிடந்தன.

“செத்துப்போச்சா தம்பி?” என்று கேட்டார் அந்த அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் தொட்டி பார்க்க என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் போனில் எடுத்த எடுப்பிலேயே அழுவது இதற்குத்தான். கறுப்புப் பட்டை போட்ட இந்த ஆரஞ்சு அயிரை இருக்கிறதே, மகா நடிகன். தூங்கும்போது ஒருக்களித்துப் பிணம் மாதிரிக் கிடப்பான். கண்ணாடியைத் தட்டினால், எவன்டா அவன் என்று எழுந்து வந்து பார்ப்பான்.

தட்டினேன். எழுந்தன. ஆனால் எழுந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மூக்கு முட்டத் தின்றவன் பாயை விட்டு எழுகிற மாதிரி எழுந்தன.

தண்ணீரைச் சோதித்தேன். சுத்தம். சூடு சரியாக இருந்தது. மருந்து எதையாவது ஊற்றி வைத்தாரோ என்று கேட்டேன். அயிரையின் தோல் மெல்லிசு, மருந்தெல்லாம் தாங்காது. இல்லவே இல்லை என்றார்.

டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் வயிறு உப்பிக் கிடந்தது.

“தீனி அதிகம்மா. இப்படியே போட்டா ஒண்ணுகூடத் தேறாது.”

காலையில் ஒரு சிட்டிகை, அதுவும் தான் மட்டும்தான் போடுவதாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். தினமும் மத்தியானம் இவை எல்லாம் இந்த மூலைக்கு வந்து மேலே பார்த்துக்கொண்டு நிற்குமாம். பிறகு டக், டக் என்று ஒரு சத்தம் வருமாம். அடுக்களையில் இருந்தால்கூடக் கேட்குமாம். அது என்ன நோய் என்று கேட்டார்.

நோயுமில்லை ஒன்றுமில்லை, சாப்பிடும்போது இவை அப்படித்தான் சத்தம் போடும் என்று விளக்கினேன். வாயில் தீனி விழுந்த குஷி. என் அனுபவத்தில் சும்மா இருக்கிற அயிரை அந்தச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“எம் பையன் காலேஜ் விட்டு வர்ற நேரம் தம்பி அது. பையைக்கூட இறக்க மாட்டான், இதுங்களுக்குத் தீனி போட்டுட்டுத்தான் மறுவேலை.”

அப்போதுதான் அறையைப் பார்த்தேன். விரித்தபடியே கிடந்த படுக்கை. மேசையில் சார்ஜர், போன் இல்லை. ஆணியில் ஒரு ஹெல்மெட் தொங்கியது. ஒரு கீறல்கூட இல்லாத புது ஹெல்மெட்.

நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“என்னிக்காவது ஒரு தடவை சொன்னதும் கேட்டிருக்கானா? அன்னிக்கும் மாட்டிட்டுப் போடா, மாட்டிட்டுப் போடான்னு வாசல் வரைக்கும் கத்திட்டே ஓடினேன்.”

பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். மீன் கும்பிடுவது ஒரே ஒரு சாமியைத்தான், தீனி போடுகிற கையை. தினமும் அதே நேரத்தில் அதே மூலைக்கு வருகிறது என்றால், அங்கே ஒரு கை வருகிறது என்று அர்த்தம். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவர் கூடத்தில் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்ததிலிருந்து பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அழத் தெரியாத அப்பா. மனைவி குளிக்கும்போதோ கண் அசரும்போதோ பூனை மாதிரி வந்து போட்டுவிட்டுப் போகிறார். பாவம், அவருக்கு அதுதான் அழுகை. அந்த அம்மாவுக்கு அது பிள்ளையின் வருகை. இதை எந்த வாயால் உடைப்பது? உடைக்காவிட்டால் பையன் வளர்த்த மீன்களும் போய்விடும். அப்புறம் இந்த அம்மாவைப் பிடித்து நிறுத்த முடியாது.

பெரியவரிடம் மட்டும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. வழியனுப்ப அவரும் எழுந்து வந்தார்.

“ஐயா, மத்தியானத் தீனியைக் கொஞ்சம் நிறுத்திடுங்க. அம்மாகிட்ட நான் எதுவும் சொல்லல.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“நானா? அவன் போனதிலிருந்து அந்த ரூம் வாசப்படியைக்கூட நான் மிதிச்சதில்லப்பா. அவதான் ரெண்டு வேளையும் போடுறதா நினைச்சேன். கேட்டா அழுவாளேன்னு கேக்கல.”

அதற்குள், “வலையை மறந்துட்டீங்களே தம்பி” என்று அந்த அம்மாவும் வாசலுக்கு ஓடி வந்தார்.

வலையை வாங்கக் கையை நீட்டினேன்.

உள்ளே, அந்த அறையிலிருந்து வந்தது. டக். டக். டக்.

மூன்று பேரும் வாசலில்தான் நின்றோம். வீட்டுக்குள் ஒருவரும் இல்லை.

பெரியவர் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா மட்டும் பயப்படவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை அதட்டுகிற மாதிரி அறைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“போதும்டா கண்ணா. அதுங்களுக்கு ஆகாதாம்.”

சத்தம் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கதவைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்து, அழுதுகொண்டே கணவரைப் பார்த்துச் சொன்னார்.

“ஒரு தடவை சொன்னதும் கேட்டுட்டான்ங்க, உங்க பிள்ளை.”