வாசலில் நின்றவர்

"உந்தக் கிழவியை அழியுங்கோ தம்பி. ஒரு துண்டும் தெரியக் கூடாது!"

கிளடிஸ் மேசையில் அடித்த அடியில் மிதுனனின் கோப்பி தளும்பியது. மோர்னிங்சைட்டில் போட்டோ ஸ்ரூடியோ திறந்த நாளிலிருந்து கோபக்கார அம்மாமார் பலரை அவன் பார்த்திருக்கிறான். இவர் தனி ரகம்.

கணினித் திரையில் சீனாவின் பழைய கால்வாய் நகரம் ஒன்று. தண்ணீர் ஓரத்து மரக்கதவின் முன்னால் கிளடிஸின் மகள் ஸ்டெபனி வெள்ளைக் கவுணில் சிரித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளை றோய். எல்லாம் அழகு. ஆனால் இருவருக்கும் பின்னால், கதவைப் பிடித்தபடி ஒரு சீனப் பெண்மணி நின்றார். அவர்தான் 'உந்தக் கிழவி'. அவருக்கும் கிளடிஸுக்கும் வயது பெரிதாக வித்தியாசப்படாது என்று மிதுனனுக்குத் தோன்றியது. சொல்லத்தான் துணிவு வரவில்லை.

சனிக்கிழமை கல்யாணம். மிசிசாகா ஹோல் வாசலில் இந்தப் படத்தை ஆளுயரத்துக்கு அடித்து வைக்க வேண்டுமாம்.

"வேறை படம் இல்லையோ அன்ரி?"

"எங்கை எடுக்க விட்டவ! கலியாணத்துக்கு முன்னம் பிள்ளையளைத் தனிய அனுப்பேலாதெண்டு நானும் கூடப் போனனான். கமெராவைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சதும் நான்தான். அந்தத் தெரு முழுக்கக் கடையள் தம்பி. இந்த ஒரு வாசல்தான் வடிவு. கலியாணவீடு மாதிரிப் பூவாலை சோடிச்சிருந்தவை. பாலத்திலை நிண்டு ஒரு படந்தான் எடுத்தன். பிள்ளையிட்டைப் பாய்ஞ்சு வந்திட்டா!"

"அம்மா, லீவ் இட்" என்றாள் ஸ்டெபனி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ சும்மா இரு! உன்ரை கையிலை இருந்த பூவைப் பறிச்செல்லோ எறிஞ்சவ?"

"அது அங்கை வாசலிலை இருந்து எடுத்த பூத்தானே அம்மா."

"அவ்வளவு பூக் கிடந்தது. ஒண்டு எடுத்தால் குறைஞ்சு போமோ?"

மிதுனன் மெல்ல வாயைத் திறந்தான். "அது அவவின்ரை வீடாக்கும் அன்ரி…"

"வீடோ? ரிக்கற் எடுத்தெல்லோ உள்ளை போனனாங்கள்! ரிக்கற் வித்து ஆக்களை விடுற இடத்திலை என்ன வீடு? எல்லாம் எங்களுக்கு நடிச்சுக் காட்டுறதுதானே. தெருவிலை மேசை போட்டுச் சாப்பாடு குடுத்தவை. நாதஸ்வரம் மாதிரி ஒண்டை ஊதினவை. எங்கடை றோய் நல்லாத்தான் ஆடினவன். சுத்தி நிண்ட ஒரு சனம் கை தட்டேல்லை! ஒருத்தன் வந்து என்ரை கமெராவைப் பார்த்துக் கும்பிட்டான். காசுக்குத்தான் நிக்கிறான் எண்டு நீட்டினன். தட்டிவிட்டிட்டான் தம்பி! காசும் வேண்டாமாம், படமும் எடுக்கக் கூடாதாம். என்ன திமிர்!"

கேட்டுக்கொண்டிருந்த மிதுனனுக்கே கோபம் வந்தது. இவ்வளவு தூரம் பறந்து போன கல்யாணப் பெண்ணின் கையிலிருந்து பூவைப் பிடுங்குவதா? வந்தவர்களை வாழ்த்தாவிட்டாலும் பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாமே.

"விடுங்கோ அன்ரி. அரை மணித்தியாலத்திலை ஆளைக் காணாமல் செய்யிறன்."

"பொறுங்கோ. அழிக்கிறதுக்கு முன்னம் அவவின்ரை முகத்தை மட்டும் பெரிசாக்கித் தாங்கோ."

"அது என்னத்துக்கு?"

"பேஸ்புக்கிலை போடப் போறன்! 'இந்த மனிசியின் லட்சணத்தைப் பாருங்கோ, அந்தப் பக்கம் ஒருத்தரும் போகாதேங்கோ' எண்டு எழுதுவன். என்ரை ஒரே பிள்ளை தம்பி. அவளின்ரை சந்தோசத்தைக் கெடுத்தவவை நான் சும்மா விடுவனோ?"

ஸ்டெபனி இப்போது போனைக் கீழே வைத்துவிட்டாள். "யேஸ், ப்ளீஸ் போடுங்கோ. ஷீ வோஸ் சோ ரூட். நான் அண்டைக்கு முழுக்க அழுதனான்."

மிதுனன் அந்த முகத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பெரிதாக்கினான். திரை நிறைய அது வந்து நின்றது.

"கண்ணைப் பாருங்கோ, கண்ணை! என்ன முறைப்பு!" என்றார் கிளடிஸ்.

மிதுனன் பார்த்தான். முறைப்பாகத் தெரியவில்லை. இமைகள் வீங்கிக் கிடந்தன. கன்னம் நனைந்திருந்தது. அந்தக் கண்கள் கமெராவைப் பார்க்கவே இல்லை. ஸ்டெபனியின் வெள்ளைக் கவுணையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவனுக்கு என்னவோ போல இருந்தது. அந்தப் பெண்மணி எங்கே நிற்கிறார் என்று பார்க்கப் படத்தைப் பழையபடி சிறிதாக்கினான். கதவுக்குள் ஒரே இருட்டு. அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாக்கினான். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"என்ன தம்பி நிப்பாட்டிப்போட்டியள்? முகத்தைத் தாங்கோ, இப்பவே போடுறன். நாலு பேர் காறித் துப்பினால்தான் என்ரை மனம் ஆறும்!"

மிதுனன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினான்.

"அன்ரி, நீங்கள் படம் எடுத்தது ஒரு செத்தவீட்டு வாசலிலை."

ஸ்டெபனியின் தோளுக்குப் பின்னால், அந்தக் கதவுக்குள்ளே, இரண்டு மெழுகுதிரிகளுக்கு நடுவில் ஒரு சவப்பெட்டி இருந்தது. அதன் முன்னால் சட்டம் போட்டு வைத்திருந்த படத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் ஸ்டெபனியின் வயதுதான் இருக்கும்.