லைட் ஹவுஸுக்கு இன்னிக்கு லீவு

"லைட் ஹவுஸ் மேல இன்னிக்கு விட மாட்டாங்க சார். பெயின்ட் அடிக்கிறாங்க."

கைடு பெண் சொல்லி முடிக்கவில்லை. வேனுக்குள்ளிருந்தே குட்டி கையை நீட்டினாள்.

"அம்மா, அங்க பாரு! மேல எத்தனை பேர் நிக்கிறாங்க!"

"அவங்கதான் பாப்பா பெயின்டருங்க."

"தொப்பி போட்டுக்கிட்டு செல்ஃபி எடுக்குறாங்களே?"

பின் சீட்டிலிருந்த மருமகள் சட்டென்று குட்டியின் கையைப் பிடித்து இறக்கினாள். கைடு பொய் சொல்கிறாள் என்பதற்காக அல்ல. முன் சீட்டில் மாமனாரின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துவிட்டாள்.

மாமனார் தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். எரிகிற மாடியில் ஏணி போட்டு ஏறி, ஆட்களைத் தோளில் சுமந்து இறக்கியவர். கோபம் வந்தால் அவரே தீ. அதை அணைக்கத் தெரிந்த ஒரே ஆள் மாமியார். அவரும் போன வருஷம் காலமாகிவிட்டார்.

அதிலிருந்து வாசற்படி தாண்டாத மனுஷனை, கெஞ்சிக் கூத்தாடி இந்தக் கடற்கரை ஊருக்குக் கூட்டி வந்தது மருமகள்தான். லீவு கிடைக்காத புருஷன் போனில் ஒரே பல்லவி பாடிக்கொண்டிருந்தான். "அப்பாவுக்கு பிரஷர் ஏறாம பார்த்துக்கோ."

இதோ, ஏறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, என்னைப் பார்த்தா இளிச்சவாயன் மாதிரி தெரியுதா?" மாமனார் வெடித்தார். "நான் ஏறாத உயரமா? பேத்தியைத் தோள்ல தூக்கிட்டு உச்சி வரைக்கும் ஏறுறேன்னு சொல்லியிருக்கேன்!"

"சாரி சார். பக்கத்துலயே சங்கு மியூசியம் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கும்."

"உனக்கே சங்கு ஊதிடுவேன்!"

ஆனாலும் வேன் சங்கு மியூசியத்துக்குத்தான் போனது. வாசலில் இருந்த கடைக்காரர் கைடைப் பார்த்துச் சிரித்ததும், மருமகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கமிஷன்!

அடுத்தது, பாறை உச்சியிலிருந்து கடலுக்கு மேலே நீட்டிக் கட்டிய கண்ணாடிப் பாலம். அங்கேயும் கைடு தலையைச் சொறிந்தாள்.

"கண்ணாடியில லேசா விரிசலாம் சார். வேண்டாமே."

அந்த நேரம் பார்த்து, ஒரு குடும்பமே ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு பாலத்திலிருந்து இறங்கி வந்தது.

மாமனார் கத்திய கத்தில் கார் நிறுத்துமிடமே திரும்பிப் பார்த்தது. சுள்ளென்ற வெயிலில் கைடு குனிந்த தலை நிமிராமல் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. மருமகளுக்கோ மாமனாரைப் பற்றித்தான் பயம். அவர் முகமெல்லாம் வேர்த்து, வேன் கதவை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, விடுங்க மாமா. உங்க உடம்புக்கு ஆகாது. மாத்திரை போட்டீங்களா?"

"எனக்கு ஒண்ணுமில்ல! இவளைக் கேளு!"

குட்டி அழ ஆரம்பித்தாள். "தாத்தா என்னை லைட் ஹவுஸ் மேல தூக்கிட்டுப் போவாருன்னு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே..."

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இருக்கட்டும், ரூமுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

சாயங்காலம் ஹோட்டல் அறைக்கு வந்ததுமே குட்டி தூங்கிவிட்டாள். மருமகள் சுற்றுலா ஆபீசுக்குப் போன் போட்டு, ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"அந்தப் பொண்ணா?" மேனேஜர் அலுத்துக்கொண்டார். "இதே மாதிரி ஏற்கனவே ஒருத்தர் சொன்னார் மேடம். ஊரைச் சுத்திக் காட்டச் சொன்னா, ஆளையே சுத்தல்ல விடுறாளா? நீங்க எழுத்துல புகார் குடுங்க. வேலையை விட்டே தூக்கிடுறேன். ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க."

போனைக் காதில் வைத்தபடியே பக்கத்து அறையை எட்டிப் பார்த்தாள். மாமனாரைக் காணோம்.

பகீரென்றது. ஜன்னலுக்கு ஓடினாள். கீழே, கிளம்பத் தயாராக நின்ற வேனை நோக்கி மாமனார் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். வேன் பக்கத்தில் அந்தக் கைடு தனியாக நின்றிருந்தாள்.

ஐயோ, கையை கிய்யை நீட்டிவிடுவாரோ!

தடதடவென்று படியிறங்கி ஓடினாள். வேனுக்கு இந்தப் பக்கம் வந்ததும், அந்தப் பக்கமிருந்து கைடின் குரல் கேட்டது.

"இப்ப தலைசுத்தல் எப்படி சார் இருக்கு?"

மருமகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பரவாயில்லம்மா." மாமனாரின் குரல்தானா அது? இத்தனை தணிந்து அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. "என் வீட்டுக்காரி போனதிலிருந்து இப்படித்தான். மாடியிலிருந்து கீழே பார்த்தாலே காலு வெலவெலத்துப் போகுது. குட்டி இன்னும் என்னைப் பெரிய வீரன்னு நம்பிக்கிட்டிருக்கு. காலையில உன்கிட்ட தனியா கேட்டுக்கிட்டப்ப, நீ இவ்வளவு தூரம் தாங்குவேன்னு நினைக்கல. நாலு பேர் முன்னாடி கண்டபடி திட்டிட்டேன்."

"நீங்க திட்டலைன்னாதான் சார் அவங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

"ஹலோ மேடம்?" காதுக்குள் மேனேஜர் கூப்பிட்டார். "புகாரை எப்ப அனுப்புறீங்க?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள். "புகார் எல்லாம் ஒண்ணுமில்ல சார். நாளைக்கும் அவங்களையே அனுப்புங்க."

போனை அணைத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பினாள்.

வேனுக்கு அந்தப் பக்கம் மாமனார் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு ரோப் கார் இருக்காமேம்மா... அதுவும் ரிப்பேர்னு சொல்லிடு. நான் இன்னும் கொஞ்சம் சத்தமா கத்துறேன்."