யார் ஜாடை?

கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். தியேட்டர் வாசலில் காத்திருந்த அம்மாளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் நகம் கடித்துக்கொண்டிருந்த இளைஞனிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"உள்ளே யாருப்பா?"

"என் பையன்மா. முதுகுத்தண்டு சரியா மூடல. இப்பவே தைக்கலன்னா நடக்க முடியாமப் போயிடலாமாம்."

"ஐயோ! பயப்படாதேப்பா, பிள்ளைங்க உடம்பு சட்டுனு தேறிடும். யார் ஜாடை? உன் ஜாடையா?"

"தெரியலைம்மா."

பெற்ற பிள்ளையின் முகம்கூடத் தெரியாத அப்பனா என்று அவளுக்குச் சுருக்கென்றது.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார்.

"நல்லபடியா தைச்சாச்சு. இதயத்துடிப்பு சீரா இருக்கு."

இளைஞன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"டாக்டர், அவனை எப்ப பார்க்கலாம்?"

டாக்டர் சிரித்துவிட்டார்.

"முதல்ல பிறக்கட்டும்! இன்னும் மூணு மாசம் அம்மா வயித்துலேயே பத்திரமா இருக்கட்டும்."

அவன் மனைவியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். போர்வைக்கடியில் வயிறு மெல்ல ஏறி இறங்கியது. அம்மாள் தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

"இந்த வயித்துக்குள்ளயா தைச்சாங்க?" என்று கேட்டாள், உள்ளே தூங்குகிறவன் எங்கே விழித்துக்கொள்வானோ என்பதுபோல் குரலைத் தாழ்த்தி.