மோட்டாரின் தொண்டை

மீன் தொட்டியில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மோட்டாருக்கு எரிச்சலான எரிச்சல். புதிதாக வந்த கறுப்பு மீன் மூன்று நாளாகக் கல்லுக்குப் பின்னாலேயே கிடந்தது. அது தொடாத தீனியெல்லாம் ஊறி மோட்டாரின் தொண்டையில்தான் அடைத்தது.

“தின்னு தொலையேன். நீ பட்டினி கிடந்தா எனக்கில்ல மூச்சு முட்டுது,” என்று விடாமல் இரைந்தது.

மதியம் கரண்ட் போனது. திரும்ப வந்து மோட்டார் கண் விழித்தபோது மிதந்த தீனியைக் காணோம். தொட்டியின் நடுவில் மீன் வாயை அசைத்துக்கொண்டிருந்தது.

“எப்போ தின்னுச்சு?” என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தையிடம் மோட்டார் கேட்டது.

“நீ அடங்கிக் கிடந்தியே, அப்போ.”

“பார்த்தியா, நான் திட்டினது வீண் போகல,” என்ற மோட்டார், “தினமும் இப்படித் தின்னணும், கேட்டுதா?” என்று முன்னைவிடப் பலமாக இரைந்தது.

மீன் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுக் கல்லுக்குப் பின்னால் போனது. துப்பியது நேராக மோட்டாரின் தொண்டையில் வந்து அடைத்தது.