கூட வந்தவர்

"எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டதும், நாகஜோதி திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள்.

"ஒரு வருசம் இருக்கும் டாக்டர்," என்றான் ஈஸ்வரபாண்டி.

எந்த டாக்டரிடம் போனாலும் இப்படித்தான். அவளைக் கேட்பார்கள், அவன் பதில் சொல்லுவான். வாயில்லாப் பூச்சி என்று சொந்தக்காரர்கள் அவளைச் சொல்லுவார்கள். அவனும் மறுத்ததில்லை.

நெஞ்சு படபடக்கும். கை கால் சில்லிட்டுப் போகும். தொண்டையை யாரோ பிடித்த மாதிரி மூச்சு அடைக்கும். இந்த நிமிடமே உயிர் போய்விடும் என்று தோன்றும். அவளுக்கு வருவதையெல்லாம் அவனே வரிசையாகச் சொன்னான். சொல்லிச் சொல்லி மனப்பாடமாகியிருந்தது.

சின்னமனூரில் ஈசிஜி எடுத்தார்கள். மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. தைராய்டாக இருக்கும் என்றார்கள், அதுவும் இல்லை. சொந்த ஊரான ஓடைப்பட்டியில் பக்கத்து வீட்டு மலையம்மாள், காத்துக் கறுப்பு என்றாள். மந்திரித்துக் கட்டிய கயிறு நாகஜோதியின் மணிக்கட்டில் சாயம் போய்க் கிடந்தது.

நடுவில் ஒருவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாகஜோதி அதை வாயில் போட்டுக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிடுவாள். ஒரு நாள் அவன் பார்த்துவிட்டான்.

"முழுங்குனா தூங்கிருவேன்," என்றாள்.

"தூங்கத்தான குடுத்தாக," என்று கத்தி, கையிலிருந்த சொம்பை எறிந்தான். அது சுவரில் பட்டு நசுங்கியது. அவள் குனிந்து எடுத்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெயமேரிதான், இது மனசு சம்பந்தப்பட்டது, தேனிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னது. அதற்குப் பிறகும் அவன் தள்ளிப்போட்டான். மனநல டாக்டரின் போர்டுக்குக் கீழே நிற்பதைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது?

இன்றைக்கும் தேனி அல்லிநகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் மாடிப்படி ஏறினான்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். நடுவயதுப் பெண். அவசரமில்லாத குரல்.

"கூட வந்தவங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க. நான் இவங்ககிட்டத் தனியாப் பேசணும்."

ஈஸ்வரபாண்டி எழுந்தான்.

நாகஜோதி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு மேலேறத் தொடங்கியது. உதடு வெளுத்துவிட்டது.

"இதேதான் டாக்டர்," என்றான். டாக்டரின் கண்ணெதிரே நடந்ததில் அவனுக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது. "தனியா இருக்கவே பயப்படுறா. தோட்டத்துக்குப் போனா பின்னாடியே வர்றா. டீக்கடையில உக்காந்தா போனு மேல போனு. நான் குளிக்கப் போனாக்கூடத் தாழ்ப்பாள் போட விடமாட்டேங்கிறா."

நாகஜோதி இல்லை என்று தலையசைத்தாள். மூச்சு கொஞ்சம் அடங்கும்வரை டாக்டர் காத்திருந்தார்.

"எனக்குத் தனியா இருக்கப் பயமில்ல டாக்டர்," என்றாள். "இவுகளத் தனியா விடத்தான் பயமா இருக்கு."

"ஏம்மா?"

அவள் அவனைப் பார்த்தாள்.

தைரியத்துக்காகத் தன் முகத்தைப் பார்க்கிறாள் என்றுதான் ஒரு வருடமாக அவன் நினைத்திருந்தான். சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவன் மறுபடியும் உட்கார்ந்தான்.

"போன வருசம் திராட்சைப் பழம் வெட்டுற நேரத்துல மழை புடிச்சுக்கிருச்சு டாக்டர். குலை அம்புட்டும் வெடிச்சு அழுகிப்போச்சு. நான் செத்துப்போயிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். சோறு கொண்டுக்கிட்டு வந்த இவதான் தோட்டத்துல பேச்சு மூச்சில்லாமக் கெடந்த என்னையப் பாத்தா. இவதான் தூக்கிப் பொழைக்க வச்சா."

நாகஜோதியின் பிடி அவன் சட்டையிலிருந்து தளர்ந்தது.

"மயங்கி விழுந்துட்டாகன்னு ஊர்ல சொல்லச் சொன்னேன். யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு மக தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

ஒவ்வொரு டாக்டரிடமும் அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அது தொடங்கிய நாளை மட்டும் விட்டுவிட்டான். அவர்கள் பாவம், இதயத்திலும் கழுத்திலும் தேடினார்கள்.

அவனால் நிமிர முடியவில்லை. சொம்பை எறிந்த கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"இப்பவும் அந்த நெனப்பு வருதா?"

யாரும் அவனைக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"சில நாள் வரும்," என்றான்.

நாகஜோதி அழவில்லை. திடுக்கிடவும் இல்லை.

"தெரியும்," என்றாள்.

டாக்டர் புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, அவளுடைய சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உங்க பேரச் சொல்லுங்க," என்றார் அவனிடம்.