முதலில் உட்காருகிற ஆள்

இடியின் முறை வந்தது. பாட்டு ஏறியதுமே மேடை அதிர்ந்தது.

ஏரியிலிருந்த மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து, எங்கள் தலைகளுக்கு நடுவே காற்றில் நீந்த ஆரம்பித்தன.

போனுக்குள் இருக்கும் அந்த உலகத்தில் எப்போதும் சாயங்காலம்தான். மத்தளம் கேட்டால் மீன்கள் பறக்கும். புல்லாங்குழல் கேட்டால் பனி இறங்கும்.

பனி இறங்குவது என் பாட்டுக்கு. அங்கே எல்லோருக்கும் புனைபெயர்தான்; என் பெயர் பஞ்சு.

இடியின் பாட்டு, தகரக் கூரைமேல் குரங்குக் கூட்டம் இறங்கிய மாதிரி இருக்கும். கண்டதையும் தட்டி உருட்டி அவனே செய்த பாட்டு. ஏறக்குறைய இரண்டு வருடமாக, வாரத்துக்கு ஒருநாள் மத்தியானம், அதையேதான் போடுகிறான். ஒருநாளும் அது கடைசிவரை ஓடியதில்லை.

மேடையின் சட்டம் அப்படி. வருவது ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு பாட்டு. பிடிக்காதவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். ஐந்து பேர் உட்கார்ந்துவிட்டால் பாட்டு பாதியில் அறுந்துவிடும்.

நூறு தடவை அறுந்தவருக்கு அங்கே இடமில்லை. ஆளின் உருவம், பாட்டு எல்லாம் சேர்ந்தே அழிந்துபோகும்.

இடிக்கு இதுவரை தொண்ணூற்றொன்பது.

நான் பல் மருத்துவமனையின் பின்னறையில் இருந்தேன். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். கருவிகளைக் கிருமி நீக்கும் ஆவிப்பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. கழுவிய கண்ணாடிகளையும் கிடுக்கிகளையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, போன்களைத் தட்டில் சாய்த்து வைத்திருந்தேன்.

இடியும் நானும் எலியும் பூனையும். அவன் பாட்டுக்கு முதலில் உட்காருகிற ஆள் நான். என் பாட்டுக்கு முதலில் உட்காருகிற ஆள் அவன், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. பாட்டை விட்டுவிட்டு எங்கள் சண்டைக்காகவே வருகிறவர்களும் உண்டு.

ஆனால் இன்றைக்கு நான் உட்காரப் போவதில்லை. காலையில் பல் விளக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

ரெட்டைவால் உட்கார்ந்தாள். கம்பளி உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர்.

நான்கு.

மேடையைக் கட்டியவர் நங்கூரம். வெளியே அவர் லாரி ஓட்டுகிறார் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவர் உட்காராமல் என் பக்கம் திரும்பி நின்றார். ஐந்தாவது ஆள் எங்கே என்று பார்க்கிறாரோ என்னவோ.

உட்காராவிட்டாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. பஞ்சு திட்டாவிட்டால் பஞ்சுவுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். பதற்றத்தில் கை வழுக்கியது. வழக்கமான வரியை மளமளவென்று தட்டி அனுப்பினேன்.

“இதெல்லாம் ஒரு பாட்டா? காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்துற மாதிரி இருக்கு!”

வரி மேடைமேல் எழும்பி நின்றது. பஞ்சுவின் தலைக்கு மேல் அல்ல. இடியின் தலைக்கு மேல்.

போன் மாறிவிட்டது.

ஓரம் உடைந்த அந்தப் போன் என் அண்ணனுடையது. நான்கு மாதமாக என்னிடம் இருக்கிறது. அவன் சாவுக்கு வந்தவர்கள் யாருக்கும் இப்படி ஓர் ஏரி இருப்பது தெரியாது. ஏரிக்காரர்களுக்கு அவன் செத்தது தெரியாது. இடிக்கும் பஞ்சுவுக்கும் ஒரே அம்மா என்பதும் தெரியாது. விளையாட்டுக்குச் சொல்லாமல் விட்டோம், அப்படியே நிலைத்துவிட்டது.

சண்டை நின்றால்தானே சந்தேகம் வரும்? அதனால் ஒரு கையால் அவனை மேடையில் நிறுத்தி, மறு கையால் திட்டினேன். அவன் பாட்டுக்கு நானே முதலில் உட்கார்ந்தேன். தொண்ணூற்றொன்பதில் கடைசிப் பதினாறு முழுக்க என் கைங்கரியம்.

இப்போது இதுவும். தன் பாட்டைத் தானே திட்டுகிற மனிதன் உலகத்தில் உண்டா?

ஒருவரும் அசையவில்லை. மீன்கள் மட்டும் மெதுவாகச் சுற்றின. அண்ணனை இரண்டாவது தடவையும் சாகக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ரெட்டைவால் எழுந்தாள்.

கம்பளி எழுந்தார். பின்னாலிருந்த இருவரும் எழுந்தார்கள்.

பாட்டு ஓடியது. இரண்டாவது நிமிடத்தைத் தாண்டி அதை நான் கேட்டதே இல்லை. மூன்றாவது நிமிடம், நான்காவது நிமிடம். நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கடைசிவரை குரங்குகள்தான். இருந்தாலும் அழுதேன். தாடைக்கு இறக்கியிருந்த முகக்கவசம் நனைந்துபோனது.

அடுத்து என் முறை. புல்லாங்குழல் ஏறியது, பனி இறங்கியது.

பாட்டு பாதியில் அறுந்தால் மீன்கள் தொப்பென்று தண்ணீரில் விழுந்துவிடும். இன்றைக்கு அறுபடவில்லை, அதனால் விழவும் இல்லை. பனிக்குள் மீன்கள் நீந்தின. அப்படி ஒரு காட்சியை அந்த மேடை அதுவரை கண்டதில்லை. நான் ஆவிப்பெட்டியை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது நங்கூரத்தின் தலைக்கு மேல் ஒரு வரி வந்தது.

“என்னப்பா இடி, இன்னும் நிக்கிறே? பஞ்சு பாட்டுக்கு எப்பவும் நீதானே முதல்ல உட்காருவே?”

இடியின் போனும் என் கையில்தான் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டிருந்தது. இப்போதுதான் புரிந்ததா, நான்கு மாதமாகவே தெரியுமா, நான் கேட்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரம் உடைந்த போனை எடுத்தேன்.

அண்ணனை உட்கார வைத்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு.